குடம் நிறையும் நேரம்

ஆறாயிரம் லிட்டர் லாரிக்கு முந்நூறு ரூபாய்.
முதல் நாள் இருதயராஜ் எண்ணிக் கொடுத்த தாளில்
டீசல் வாடை அடித்தது.
பூண்டுப் பணத்துக்கு வாடையே கிடையாது.
வடுகபட்டி கமிஷன் கடையிலிருந்து
செல்போனுக்குள் வந்து விழும்,
மூட்டைக் கூலி, சுமைக் கூலி, கழிவு எல்லாம் போக.

பூம்பாறையில் என் பட்டா அறுபத்தேழு சென்ட்.
மேல் படியின் மூலையில்
இரண்டு பாறைகள் தோள் உரசி நிற்கும் இடுக்கில்
ஊற்று.
பத்திரத்தில் அது இல்லை.
கிழக்கே கருமலையாண்டி நிலம்,
மேற்கே வனத்துறைக் கல் என்று
நான்கு பக்கமும் எழுதியவர்
நடுவில் ஓடுவதை எழுதாமல் விட்டிருக்கிறார்.
கிராம அலுவலரிடம் கேட்டேன்.
"நிலம் உங்க பேர்லதானே இருக்கு?" என்றார்.
அப்புறம் அவருக்கு ஒரு போன் வந்தது.

விதைப்பூண்டு, கோழி எரு, மருந்து, களையெடுப்பு,
காட்டெருமை மிதித்துப் போன இரண்டு பாத்தி.
நாலு மாதம் கழித்துக் கையில் நின்றது
பதினோராயிரத்து நானூறு.
தண்ணீரில் அதைச் சம்பாதிக்க
ஒன்பதரை நாள்.
நான் பத்தாம் வகுப்பில் கணக்கில் எண்பத்தொன்று.
இந்தக் கணக்குக்கு அவ்வளவு மார்க்கூட வேண்டாம்.

பூண்டை விட்டேன்.
காலிப் பாத்தியில் லாரி திரும்ப
வசதியாக இருந்தது.

கொடைக்கானலில் அதே தண்ணீர்
லாரி இரண்டாயிரம் என்று எனக்குத் தெரியும்.
குளிக்கும் தொட்டி வைத்த அறைகள் இருக்கின்றனவாம்,
ஒரு ஆள் மூழ்க முந்நூறு லிட்டர்.
"வளைவுக்கு வளைவு டீசல் குடிக்குதுக்கா"
என்பான் இருதயராஜ்.
அவன் கணக்கும் தப்பில்லை.

எனக்குக் கீழே பதினோரு படி நிலம்.
கடைசிக்கு முந்தியது நாச்சம்மாவுடையது.
குழாயடியில் பச்சைக் குடத்தை வைத்து
நிறையும்வரை வாய்விட்டு எண்ணுவாள்.
சண்டைக்கு வரவில்லை.
பஸ் நிறுத்தத்தில் பார்த்தால்
வணக்கம் மாதிரி எண்ணைச் சொல்வாள்.
தையில், "அறுபது."
மாசியில், "தொண்ணூறு."
பங்குனியில், "நூத்தி அறுபது."
கோடையென்றால் குறையத்தானே செய்யும் என்றேன்.
"போன பங்குனியில எழுபத்தஞ்சு" என்று சொல்லிவிட்டு
மன்னவனூர் பஸ்ஸில் ஏறிப் போனாள்.

என் நோட்டில் வேறு எண்கள்.
தை: நாள் ஒன்றுக்கு நாலு லாரி, முந்நூறு வீதம்.
மாசி: மூன்று லாரி. நானூறு கேட்டேன், கொடுத்தான்.
பங்குனி: இரண்டு. அறுநூறு.
சித்திரை, சீசன் தொடங்கிவிட்டது: ஒன்றே ஒன்று.
ஆயிரத்து இருநூறு.

பெருக்கிப் பாருங்கள்.
வலது ஓரத்து எண்
நாலு மாதமாக அசையவில்லை.
கூட்டுறவு வங்கி மேலாளர்
விரலால் அந்த வரிசையை மேலிருந்து கீழே தடவி
"நிலையான வருமானம்" என்றார்.
கடன் கொடுத்தார்.

கடனில் சிமெண்ட் தொட்டி கட்டினேன்.
ராத்திரித் தண்ணீரைப் பிடித்து வைக்க.
அதுவரை ராத்திரித் தண்ணீர்
யாரும் விலை பேசாமல்
பதினோரு படியும் இறங்கிப் போய்க்கொண்டிருந்தது.

தொட்டி காய்ந்து முதல் முறை அடைத்த மறுநாள்
நாச்சம்மா பஸ் நிறுத்தத்தில் நின்றாள்.
எண் எதுவும் சொல்லவில்லை.
பச்சைக் குடத்தை என் காலடியில் வைத்துவிட்டு
வெறுங்கையோடு வீட்டுக்கு நடந்தாள்.

அன்று விடியுமுன் ஊற்றடிக்குப் போனேன்.
பாறையில் பனி வழுக்கியது.
குடத்தை இடுக்கில் சாய்த்து எண்ணத் தொடங்கினேன்.
இருநூற்றுச் சொச்சத்தில்
எங்கோ கேளையாடு கத்த, எண் தவறியது.
ஊற்றி விட்டு
மறுபடி ஒன்றிலிருந்து.

லாரி வந்து நின்றது.
"அக்கா, மே மாசம் முழுக்க
ஆயிரத்தி ஐந்நூறு தர்றேன், சரியா?"

முந்நூற்று நாற்பது. முந்நூற்று நாற்பத்தொன்று.
குடத்தின் கழுத்து இன்னும் காய்ந்தே இருந்தது.
எண்ணிக்கொண்டிருந்ததால்
நான் பதில் சொல்லவில்லை.